பணம் பட்டாவுக்கு, பாடு குத்தகைக்காரருக்கு

ஹைதராபாத்தின் வடக்கே, நாக்பூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது போவன்பள்ளி. அங்குள்ள டாக்டர் அம்பேத்கர் காய்கறிச் சந்தை நகரத்தின் பெரிய மொத்தச் சந்தைகளில் ஒன்று. மேட்சல், ஷாமீர்பேட்டை, கஜ்வேல், சேவெள்ளா, விகாராபாத் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தக்காளியும் கத்தரியும் கோவைக்காயும் கீரையும் விடிவதற்குள் இங்கே வந்து இறங்கிவிடும். விற்காமல் அழுகியதும் வீணாவதில்லை. நாளொன்றுக்குச் சுமார் 10 டன் காய்கறிக் கழிவிலிருந்து 500 யூனிட் மின்சாரம் எடுப்பதற்கான உயிர்வாயு ஆலையைச் சந்தைக்குள்ளேயே நிறுவியிருக்கிறார்கள். தொழில்நுட்பம், ஹைதராபாத்திலேயே இருக்கும் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்தினுடையது. 2021 ஜனவரியில் பிரதமரின் ‘மனதின் குரல்’ உரையில் இந்தச் சந்தைக்குப் பாராட்டும் கிடைத்தது.

அழுகிய காய்க்கு எடைபோட்டுக் கணக்கு வைக்கத் தெரிந்த மாநிலத்தில், அந்தக் காயை விளைவித்தவர் யார் என்பதற்குக் கணக்கில்லை. நாட்டிலேயே முதன்முதலாக ஏக்கர் கணக்கில் உழவர்களின் வங்கிக் கணக்கில் பணம் போட்ட மாநிலம் தெலங்கானா. ஆனால், அந்தப் பணம் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் போகிறது. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, விதை வாங்கி, கூலி கொடுத்து, விலை விழுந்தால் நட்டத்தையும் சுமப்பவருக்கு அதில் ஒரு ரூபாய்கூட உரிமை இல்லை. 2018இல் தொடங்கிய இந்த ஏற்பாடு ஆட்சி மாறியும் மாறவில்லை. மாறியது பெயரும் தொகையும்தான்.

ரைத்து பந்துவிலிருந்து ரைத்து பரோசா வரை

2018 மே 10 அன்று ஹுசூராபாத்தில் அன்றைய முதல்வர் கே.சந்திரசேகர ராவ் ‘ரைத்து பந்து’ திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஒரு பருவத்துக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய். வானகாலம், யாசங்கி என இரண்டு பருவங்களுக்கு ஆண்டுக்கு 8,000 ரூபாய். அடுத்த ஆண்டே இது 10,000 ரூபாய் ஆனது. அரை நூற்றாண்டாக உரத்துக்கும் மின்சாரத்துக்கும் விலையைக் குறைத்துக் கொடுத்துவந்த நாட்டில், விதைப்புக்கு முன்னால் கையில் பணமாகவே கொடுத்துவிடலாம் என்பது துணிச்சலான யோசனை. அன்றைய தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்பிரமணியன் போன்றோர் வரவேற்றார்கள். பருவத் தொடக்கத்தில் வட்டிக்கடைக்காரரிடம் போய் நிற்கும் சிறு விவசாயிக்கு இது பெரிய ஆறுதல் என்பதில் ஐயமில்லை. ஒன்பது மாதம் கழித்து மத்திய அரசும் அதே வழிக்கு வந்தது. 2019 பிப்ரவரி 24 அன்று கோரக்பூரில் தொடங்கிய பிஎம் கிசான் திட்டம், ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளில் தருகிறது.

ரைத்து பந்துவுக்கு உச்சவரம்பு இருக்கவில்லை. ஒரு ஏக்கர்க்காரருக்கு 10,000 ரூபாய் என்றால், 30 ஏக்கர்க்காரருக்கு மூன்று லட்சம் ரூபாய். அவர் பயிர் செய்கிறாரா, தரிசாகப் போட்டிருக்கிறாரா, ஜூபிலி ஹில்ஸில் வசிக்கிறாரா, அமெரிக்காவில் வசிக்கிறாரா என்று எவரும் கேட்கவில்லை. பட்டாதார் பாஸ்புத்தகம் இருந்தால் போதும். வெளிவட்டச் சாலையைச் சுற்றி மனைகளாகப் பிரித்துக் கல் நட்ட நிலங்களுக்கும், கல்குவாரிகளுக்கும், குன்றுகளுக்கும், சாலைக்காக எடுக்கப்பட்ட நிலங்களுக்கும் பணம் போனது. இப்படிப் போனது மட்டும் 22,600 கோடி ரூபாய்க்கு மேல் என்று இன்றைய முதல்வர் ரேவந்த் ரெட்டி 2024 டிசம்பரில் சட்டமன்றத்தில் சொன்னார். எதிர்க்கட்சி இந்தக் கணக்கை ஏற்கவில்லை. பாதி என்றே வைத்துக்கொண்டாலும் சிறிய தொகை இல்லை.

ஆட்சிக்கு வருமுன் காங்கிரஸ் சொன்னது வேறு. 2022 மே 6 அன்று வாரங்கலில் ராகுல் காந்தி முன்னிலையில் வெளியிட்ட விவசாயிகள் பிரகடனத்தில், ஆண்டுக்கு ஏக்கருக்கு 15,000 ரூபாய் நில உரிமையாளருக்கு மட்டுமல்ல, குத்தகை விவசாயிக்கும் உண்டு என்று எழுதியிருந்தது. நிலமற்ற விவசாயத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்றும் இருந்தது. 2025 ஜனவரி 26 அன்று ‘ரைத்து பரோசா’ நடைமுறைக்கு வந்தபோது 15,000 என்பது 12,000 ஆகியிருந்தது. சாகுபடிக்கு உதவாத நிலங்களை நீக்கினார்கள். அது நல்ல திருத்தம். குத்தகை விவசாயி மட்டும் விதிமுறையில் காணாமல் போயிருந்தார். அந்த ஆண்டு ஜூனில் ஒன்பது நாட்களில் ஏறத்தாழ 9,000 கோடி ரூபாயை வங்கிக் கணக்குகளில் போட்டு அரசு வேகத்தைக் காட்டியது. பணத்தை அனுப்பும் வழி சீராக இருக்கிறது. யாருக்கு அனுப்புவது என்ற பட்டியல்தான் பழுதாக இருக்கிறது.

குத்தகைக்காரரின் வரவு செலவு

ஒரு ஏக்கருக்கு ஆண்டுக் குத்தகை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நில உரிமையாளருக்கு உழுபவரிடமிருந்து 15,000, அரசிடமிருந்து 12,000, பிஎம் கிசான் பட்டியலில் இருந்தால் அங்கிருந்தும் ஒரு தொகை. ஒரு நாற்றுகூட நடாமல் வருகிற வரவு இது. உழுபவருக்கு வரவு என்பது சந்தையில் அன்றைக்கு விற்ற விலை. தக்காளி விலை விழுந்து வண்டி வாடகைக்கே கட்டாத நாளிலும் குத்தகைப் பணம் குறையாது. பல இடங்களில் அது முன்கூட்டியே கொடுத்தாகிவிட்ட பணம்.

‘உரிமையாளருக்குப் பணம் கிடைத்தால் குத்தகையைக் குறைத்துக்கொள்வார், இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்’ என்பது ஆட்சியாளர்கள் சொல்லிவரும் சமாதானம். நிலத்துக்குப் போட்டி இருக்கும் ஊரில் எந்த உரிமையாளரும் அப்படிக் குறைப்பதில்லை. ஏக்கருக்கு இவ்வளவு என்று நிலத்தோடு சேர்த்துக் கட்டிய உதவி நிலத்தின் விலையில் போய் ஏறிக்கொள்ளும். குத்தகையும் அதன் பின்னால் ஏறும். உழுபவருக்கு உதவி கிடைக்காதது ஒரு நட்டம் என்றால், அந்த உதவியாலேயே அவருடைய செலவு கூடுவது இன்னொரு நட்டம்.

இது மானியத்தோடு முடிவதும் இல்லை. தெலங்கானாவில் ஒரு விவசாயிக்குக் கிடைக்கும் எல்லாமே பாஸ்புத்தகம் என்ற ஒரே சாவியால் திறப்பவை. 2018 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய ‘ரைத்து பீமா’, 18 முதல் 59 வயது வரையிலான விவசாயி எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் தருகிறது, பட்டாதார் என்றால்தான். 2024இல் இரண்டு லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடன் தள்ளுபடி செய்யப்பட்டது. பட்டா இல்லாதவருக்கு வங்கி பயிர்க்கடன் தருவதே அரிது, அதனால் தள்ளுபடி செய்யவும் ஒன்றுமில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டால், நில உரிமையாளரின் கணக்கில் விழுந்த பணத்தைக் கேட்டு வாங்க வேண்டிய நிலை. விவசாயி தற்கொலை செய்துகொண்ட 692 குடும்பங்களை ரைத்து ஸ்வராஜ்ய வேதிகா அமைப்பும் டாடா சமூக அறிவியல் நிறுவன மாணவர்களும் ஆராய்ந்து 2018இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நான்கில் மூன்று பேர் குத்தகை நிலத்தில் பயிர் செய்தவர்கள். மாநிலத்தில் பயிர் செய்பவர்களில் ஏறத்தாழ 36 சதவீதம் பேர், அதாவது சுமார் 22 லட்சம் பேர், குத்தகை விவசாயிகள் என்பது அதே அமைப்பு 2022இல் செய்த ஆய்வின் மதிப்பீடு. அரசிடம் இதற்கு மாற்றாகச் சொல்ல ஓர் எண் இல்லை. எண்ணிப் பார்த்தால்தானே இருக்கும்?

நிலமற்ற தொழிலாளிகளுக்காக ‘இந்திரம்மா ஆத்மீய பரோசா’ என்று ஆண்டுக்கு 12,000 ரூபாய் தரும் திட்டம் வந்திருக்கிறது. அதற்கான தகுதி, கிராமப்புற வேலை உறுதித் திட்டத்தில் 20 நாட்களாவது வேலை செய்திருப்பது. ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள கிராமங்கள் பல இன்று நகராட்சிகள். அங்கே வேலை உறுதித் திட்டம் கிடையாது. போவன்பள்ளிக்கு வரும் கீரையைப் பறித்துக் கட்டும் பெண்களில் பலர் இந்த விதியிலேயே வெளியே நிற்க வேண்டியதுதான்.

பயத்தின் வேர்

இவ்வளவு தெளிவான அநீதியைச் சரிசெய்ய எந்தக் கட்சியும் முன்வராததற்கு வாக்குக் கணக்கு மட்டும் காரணமில்லை. தெலங்கானாவின் நில உரிமையாளர்களிடம் ஒரு பழைய பயம் இருக்கிறது. நிஜாம் ஆட்சியில் ஜாகீர்தார்களுக்கும் தேஷ்முக்குகளுக்கும் எதிராக 1946 முதல் 1951 வரை நடந்த ஆயுதப் போராட்டத்தின் சூட்டில்தான் 1950ஆம் ஆண்டின் ஹைதராபாத் குத்தகை மற்றும் வேளாண் நிலச் சட்டம் வந்தது. பல ஆண்டுகளாக உழுதுவந்தவரை ‘பாதுகாக்கப்பட்ட குத்தகைதாரர்’ ஆக்கியது அந்தச் சட்டம். அதன் 38-இ பிரிவு, பின்னர் அவர்களில் பலருக்கு உரிமையாளர் சான்றிதழே கொடுத்தது. இன்று ஹைதராபாத்தைச் சுற்றிக் கோடிகளில் விலைபோகும் நிலங்கள்மீது 38-இ வழக்குகள் இன்னும் நடக்கின்றன. காகிதத்தில் குத்தகைக்காரர் பெயர் ஒருமுறை ஏறிவிட்டால் நிலம் கையைவிட்டுப் போய்விடும் என்று உரிமையாளர் அஞ்சுவதற்கு இதுவே காரணம். அந்தப் பயத்துக்கு அரசும் பணிந்தது. பழைய பஹாணிப் பதிவேட்டில் நிலத்தின் சொந்தக்காரர் பெயருக்குப் பக்கத்தில் அதை அனுபவிப்பவரின் பெயரை எழுத ஒரு பத்தி இருந்தது. 2020இல் ‘தரணி’ என்ற நிலப் பதிவு இணையதளம் வந்தபோது அந்தப் பத்தி போய்விட்டது. உழுபவர் பதிவேட்டிலிருந்தே அழிக்கப்பட்டார்.

பயம் உண்மையானது, அதற்கான மருந்தும் ஏற்கெனவே சட்டமாக இருக்கிறது. ஒன்றுபட்ட ஆந்திரம் 2011இல் உரிமம் பெற்ற சாகுபடியாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது. குத்தகை விவசாயிக்கு ஓராண்டு அட்டை. அதைக் கொண்டு பயிர்க்கடன், காப்பீடு, பயிர்ச் சேத நிவாரணம் பெறலாம். நிலத்தின்மீது எந்த உரிமையும் அதனால் வராது. உரிமையாளரின் கையெழுத்தும் தேவையில்லை. தெலங்கானா பிரிந்த பின் அட்டை வழங்குவது தேய்ந்து நின்றுபோனது. ஆந்திரம் 2019இல் 11 மாத ஒப்பந்தத்துடன் புதிய சட்டம் போட்டது. ஆனால், உரிமையாளரின் சம்மதத்தைக் கட்டாயமாக்கியது. கையெழுத்துப் போட அஞ்சுகிறவரிடமே கையெழுத்து கேட்டால் அட்டை எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

மற்ற மாநிலங்கள் வழி கண்டிருக்கின்றன. ஒடிசாவின் ‘காலியா’ திட்டம் 2018 டிசம்பரிலேயே பங்கு சாகுபடியாளர்களையும் நிலமற்ற குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டது. மேற்கு வங்கத்தின் ‘கிரிஷக் பந்து’ பதிவு செய்த பர்காதார்களுக்கும், அதாவது பங்கு சாகுபடியாளர்களுக்கும், பணம் தருகிறது. அங்கே அது சாத்தியமானதற்குக் காரணம், 1978இல் தொடங்கிய ‘ஆபரேஷன் பர்கா’வில் அதிகாரிகள் ஊர் ஊராகப் போய், உழுபவரின் பெயரை ஊரார் முன்னிலையில் எழுதிக்கொண்டதுதான். அன்று எழுதிய பட்டியல் நாற்பது ஆண்டு கழித்து உதவிப் பணத்துக்கு வழிகாட்டியது.

டெக்ஸாஸிலும் இதே கதை

பணக்கார நாடுகள் இந்தத் தவறைச் செய்து பார்த்துவிட்டன. அமெரிக்கா 1996இல் கொண்டுவந்த விவசாயச் சட்டம், முன்பு எவ்வளவு நிலத்தில் பயிர் செய்யப்பட்டது என்பதை வைத்துப் பணம் கொடுத்தது. இப்போது பயிர் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2006இல் ‘வாஷிங்டன் போஸ்ட்’ துருவிப் பார்த்தபோது, விவசாயமே செய்யாதவர்களுக்கு 2000ஆம் ஆண்டிலிருந்து 130 கோடி டாலர் போயிருந்தது தெரியவந்தது. டெக்ஸாஸின் எல் காம்போ ஊர்ப் பக்கம், முன்பு நெல் விளைந்த நிலத்தில் வீடு கட்டிக் குடியேறியவர்களுக்குப் புல்வெளிக்கு நெல் மானியம் வந்துகொண்டிருந்தது. அந்த நேரடித் தொகையை 2014ஆம் ஆண்டுச் சட்டம் நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியமும் 2013 சீர்திருத்தத்தில், விமான நிலையம், ரயில் நிறுவனம், விளையாட்டு மைதானம் நடத்துவோரைப் பட்டியலிலிருந்து விலக்கி, உண்மையில் பயிர் செய்பவருக்கே பணம் என்று விதி எழுத வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் மாற்றத்துக்கு உதவிய இன்னொன்று, பட்டியல் வெளியே வந்தது. சுற்றுச்சூழல் பணிக்குழு என்ற தன்னார்வ அமைப்பு 2001இல், எந்த மாவட்டத்தில் யாருக்கு எவ்வளவு மானியம் போனது என்பதை எவரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டது. அடுத்த தோட்டத்துக்காரருக்கு எவ்வளவு போகிறது என்று ஊர் பார்த்தது. மறைவில் இருக்கும்வரை எல்லா மானியமும் விவசாயிக்குப் போவதாகத்தான் தோன்றும்.

நமக்கும் பங்குண்டு

தமிழ்நாட்டு வாசகர் இதை அண்டை மாநிலச் செய்தியாகப் படித்துவிட்டுப் போக முடியாது. பிஎம் கிசான் பணம் இங்கேயும் பட்டா இருப்பவருக்குத்தான். தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் தலைமுறையாக உழும் குத்தகைதாரர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அதே நேரம், 2020இல் விவசாயிகளே பதிவு செய்துகொள்ளலாம் என்று விதி தளர்ந்தபோது, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் தகுதியற்ற ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் போய்விட்டது. சிபிசிஐடி விசாரணை வரை சென்றது. உண்மையில் உழுபவர் வெளியே நிற்க, நிலமே இல்லாதவர் உள்ளே வந்தார். பட்டாவை மட்டும் நம்பினாலும் தவறு, எதையும் பார்க்காமல் சேர்த்தாலும் தவறு.

இரண்டுக்கும் நடுவே ஒரு கருவி நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது: கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல். எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்று ஒவ்வொரு பசலியிலும் எழுதுவது. பயிர்க் காப்பீட்டுக்கும் கூட்டுறவுக் கடனுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் அதைத்தான் கேட்கிறார்கள். 2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவர்களைக் கொண்டு டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பும் நடத்தினார்கள். செல்பேசியில் பயிரைப் படமெடுத்துப் பதியும்போது, பயிர் செய்பவர் யார் என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்பதற்குப் புதிய துறையோ புதிய கட்டடமோ வேண்டாம். விவசாயிகளுக்கு இப்போது தரப்படும் தனித்துவ அடையாள எண்ணும் நில ஆவணத்தோடுதான் கட்டப்படுகிறது. இன்று சேர்க்காமல் விட்டால், நாளை எல்லாத் திட்டங்களுக்கும் அந்த எண்ணே வாசலாக நிற்கும்.

செய்ய வேண்டியது

தெலங்கானாவில் ஏறத்தாழ ஐயாயிரம் ஏக்கருக்கு ஒரு வேளாண் விரிவாக்க அலுவலர் என்ற கணக்கில் 2,600 தொகுதிகளும், ஒவ்வொன்றிலும் ‘ரைத்து வேதிகா’ கட்டடமும் இருக்கின்றன. பருவந்தோறும் பயிர்ப் பதிவும் நடக்கிறது. அந்தப் பதிவில் உழுபவரின் பெயரைச் சேர்த்து, கிராம சபையில் உரக்க வாசித்து, ஓராண்டுக்கு மட்டும் செல்லும் அட்டை கொடுக்க 2011ஆம் ஆண்டுச் சட்டமே போதும். 2025 ஜனவரியில் நான்கு திட்டங்களுக்காக நான்கு நாட்கள் மாநிலம் முழுவதும் கிராம சபை கூட்டிய அரசால் இதைச் செய்ய முடியாதா?

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். முதல்வர் சொன்ன 22,600 கோடி, ஐந்தரை ஆண்டுகளில் வீணானது. ஆண்டுக்குச் சுமார் 4,100 கோடி. 22 லட்சம் குத்தகை விவசாயிகளுக்கு ஆளுக்கு 12,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2,640 கோடிதான். அவருடைய கணக்கையே எடுத்துக்கொண்டாலும் மிச்சம் இருக்கிறது. பத்து ஏக்கருக்கு மேல் இல்லை என்று ஓர் உச்சவரம்பு வைத்தால் இன்னும் மிஞ்சும்.

நிலத்தைக் குத்தகைக்கு விடுபவர்கள் எல்லோரும் பணக்காரர் இல்லை என்பது சரியான வாதம். கணவரை இழந்த பெண், உடல் தளர்ந்த முதியவர், வேலை தேடி ஊரைவிட்டுப் போன சிறு விவசாயி ஆகியோரும் அதில் உண்டு. அவர்களுடைய இரண்டு ஏக்கருக்கு வருவதைப் பிடுங்கச் சொல்லவில்லை. முதலில் குத்தகைக்காரருக்குத் தனியாகக் கொடுங்கள். பிறகு, முதுமைக்கும் ஆதரவின்மைக்கும் உரிய உதவியை ஓய்வூதியமாகக் கொடுத்து, சாகுபடிக்கு உரியதைச் சாகுபடி செய்பவருக்கே திருப்புங்கள். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கியதால்தான் ஏழை விதவையின் பெயரைச் சொல்லிக்கொண்டு நூறு ஏக்கர்க்காரரும் பணம் எடுக்க முடிந்தது.

குத்தகை என்பது இரண்டு பேருக்கு இடையிலான விஷயம், அரசு தலையிட முடியாது என்ற பேச்சு இனி செல்லாது. அரசு தன் பணத்தைக் கொண்டுபோய் ஒருவர் பக்கம் மட்டும் வைத்த நாளிலேயே தலையிட்டுவிட்டது. 2023 நவம்பரில், வாக்குப் பதிவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, ரைத்து பந்து தவணையை அமைச்சர் ஒருவர் பிரச்சாரத்தில் பேசியதற்காகத் தேர்தல் ஆணையம் அதை நிறுத்திவைத்தது. விவசாயியின் உதவித்தொகை எந்த அளவுக்குத் தேர்தல் பணமாகிவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். வாக்குக்காகக் கொடுப்பது என்றால் பட்டாக்காரர் போதும். உழவுக்காகக் கொடுப்பது என்றால், அடுத்த வானகாலத் தவணைக்கு முன்னால் உழுபவரின் பெயரை எழுத வேண்டும். வாரங்கலில் எழுதிக் கொடுத்த வாக்குறுதியில் காங்கிரஸ் அரசு இன்னும் அடைக்காத கடன் அதுதான்.